பாம்பன் பாலத்துப் பேய் ரயில்: கதை எங்கே பிறந்தது?

தென்கரையான் எழுதியது:

பழைய பாலங்களைச் சுற்றி உலவும் பேய்க்கதைகளைத் தொகுத்து வருகிறேன். பாம்பன் ரயில் பாலத்துக்கு மட்டும் தனி இழை தேவைப்படுகிறது. ஒரே சம்பவத்தைப் பற்றி இத்தனை வடிவங்கள் வேறெந்தப் பாலத்துக்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதிகம் சொல்லப்படுவது இது. 1964 புயலில் போட் மெயில் பாலத்தோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு டிசம்பர் 22 நள்ளிரவிலும் அந்த ரயில் மண்டபம் பக்கமிருந்து பாலத்தில் ஏறும். எஞ்சின் விளக்கு தெரியும், தூக்குப்பாலம் வரை வரும், அப்புறம் அணைந்துவிடும். வேறு சிலர் விளக்கெல்லாம் கிடையாது, நீண்ட விசில் மட்டும் கேட்கும் என்கிறார்கள். இரண்டாவது வடிவத்தில், ராமேஸ்வரம் போகும் ரயிலில் எதிர் இருக்கையில் நனைந்த புடவையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். பாம்பன் ஸ்டேஷன் வந்ததும் ஆளைக் காணோம், இருக்கையில் தண்ணீர் மட்டும் இருக்கும். மூன்றாவது பழைய கதை: தூண்கள் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் வெள்ளைக்காரன் கடலுக்குக் காவு கொடுத்தான், அந்த உயிர்கள்தான் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேய் உண்டா இல்லையா என்ற சண்டை இங்கே வேண்டாம்.


மீட்டர்கேஜ் எழுதியது:

முதல் வடிவத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அன்றைக்கு அழிந்த ரயில் பாம்பன் பாலத்தில் ஏறவே இல்லை.

அது போட் மெயிலும் அல்ல. பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653. பாம்பன் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இருக்கிறது, பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலப்பகுதியில் இருப்பது மண்டபம். அப்போது பாம்பனிலிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரிந்தது. 653 தீவுக்குள்ளேயே புறப்பட்டுத் தீவுக்குள்ளேயே முடிகிற வண்டி. 22ஆம் தேதி இரவு 11.55க்கு பாம்பனை விட்டுக் கிளம்பியது, தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் முன்னால் அலை அடித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் திட்டு, அதன்மேல் தண்டவாளம். பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என்பது கணக்கு. சுற்றுலா வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 200 வரை இருக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. ஒருவரும் பிழைக்கவில்லை.

போட் மெயில் என்பது சென்னை எழும்பூரிலிருந்து வந்து, பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடித் துறையில் தலைமன்னார் கப்பலுக்கு ஆட்களை இறக்கிவிட்ட வண்டி. கொழும்புக்குப் போகிறவர்கள் எல்லாம் அதில்தான் போனார்கள். பெயர் பிரபலம் என்பதால் கதை அதன்மேல் ஏறிக்கொண்டது. எண் மட்டுமே உள்ள ஒரு லோக்கல் பாசஞ்சரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?


தென்கரையான் எழுதியது:

மிக முக்கியமான தகவல், நன்றி. அப்படியென்றால் பாலத்துக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லையா?


மீட்டர்கேஜ் எழுதியது:

ஆனது. கதை குழம்பியதற்குக் காரணமே அதுதான்.

அதே இரவில் பாலத்தின் 145 கர்டர்களில், அதாவது தூண்களுக்கு மேல் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில், 126 கடலில் விழுந்தன. தப்பியது நடுவில் இருக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய முறை அது. இரண்டு சிறகும் சேர்ந்து தூக்கினால் கப்பல் போகும். ஒவ்வொரு சிறகும் 400 டன்னுக்கு மேல், அதையும் ஆட்கள் கையால் நெம்புகோல் தள்ளித்தான் திறந்தார்கள்.

ஆக ஒரே இரவில் இரண்டு சம்பவங்கள். பாலம் உடைந்தது ஓரிடத்தில், ரயில் போனது தீவின் மறு நுனியில். பாலமும் தந்திக்கம்பியும் போனதால் தீவிலிருந்து சேதி வெளியே வரவே தாமதமானது. வெளியூர்க்காரர்கள் காதுக்கு "பாம்பன் பாலம் போச்சு", "ரயில் கடலில் போச்சு" என்ற இரண்டும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டவர்கள் ரயிலைத் தூக்கிப் பாலத்தில் வைத்துவிட்டார்கள்.

பாலத்தின் பிற்காலமும் சொல்லத் தகுந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாலம் அது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். புயலுக்குப் பிறகு சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, அதை மேலதிகாரி மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் காட்டினார். அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த ஈ. ஸ்ரீதரன், அப்போது 32 வயது. கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். உலக அளவில் பேசவேண்டிய வேலை இது. இணையத்தில் பாம்பன் என்று தேடினால் பேய்தான் முதலில் வருகிறது, அது எனக்கு வருத்தம்.


வடகாற்று எழுதியது:

இந்தப் பேய் ரயில் கதைக்கு ஸ்காட்லாந்தில் ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. டண்டீ நகரத்தை ஒட்டிய டே ஆற்று ரயில் பாலம். 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி தாண்டிய நேரம். புயலில் பாலத்தின் நடுப்பகுதியில் இருந்த உயர்ந்த கர்டர்கள் மொத்தமும் விழுந்தன, அவற்றுக்குள் போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றில் மூழ்கியது. அங்கும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்தவர்கள் சுமார் 75 என்று நெடுங்காலம் சொன்னார்கள், பெயர் உறுதியானவர்கள் 59 பேர்தான். பாலம் திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வடிவமைத்த தாமஸ் பவுச்சுக்கு அதே வருடம்தான் சர் பட்டம் கிடைத்திருந்தது. காற்றின் அழுத்தத்தை அவர் கணக்கில் ஒழுங்காகச் சேர்க்கவில்லை, வார்ப்பிரும்புத் தூண்களிலும் குறை இருந்தது. விசாரணையில் பழி அவர்மேல் விழுந்தது, 1880 அக்டோபரில் இறந்துபோனார்.

அங்கே சொல்லப்படும் கதை: ஒவ்வொரு டிசம்பர் 28 இரவும் ஒரு ரயிலின் விளக்குகள் பழைய பாலம் இருந்த வழியில் நகர்ந்து, நடுவில் மறைந்துவிடும். இது காற்றில் பிறந்த கதை அல்ல. 1887இல் புதுப் பாலம் பக்கத்திலேயே திறந்தது, பழைய பாலத்தின் தூண் அடிகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இன்றும் புதுப் பாலத்தில் போகிறவர் ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்க்கலாம். தினமும் பார்க்கிறவர் மனதில் ரயில் ஓடாமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். ஆற்றில் விழுந்த எஞ்சின் எண் 224ஐ வெளியே எடுத்துப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். "முக்குளிப்பான்" என்று ஊழியர்கள் பெயர் வைத்தார்கள். பல டிரைவர்கள் அதைப் புதுப் பாலத்தின் மேல் ஓட்ட மறுத்தார்கள். 1908இல், விபத்தின் 29ஆம் ஆண்டு நாளில்தான், அதே மாலை வண்டியை இழுத்துக்கொண்டு அது பாலத்தைக் கடந்தது. பேய் நம்பிக்கை இல்லாதவருக்கும் இதைப் படித்தால் சிலிர்க்கும்.


தென்கரையான் எழுதியது:

ஒப்பீடு அருமை. டிசம்பர், புயல், பிழைத்தவர் இல்லாத ரயில், பாலம், எல்லாம் பொருந்துகிறது. ஸ்காட்லாந்துக் கதையைப் படித்த யாரோ பாம்பனுக்கு ஒட்டவைத்திருப்பார்களா?


நாட்டார்வழக்கு எழுதியது:

அப்படிக் கடன் வாங்கத் தேவையே இல்லை. கதைக்கு வேண்டிய எல்லாம் இந்த மண்ணிலேயே இருக்கிறது.

அகால மரணம் அடைந்தவர் தன் ஆயுள் முடியும்வரை அதே இடத்தில் அலைவார் என்பது நம் ஊர் நம்பிக்கை. உடல் கிடைத்துக் காரியம் செய்தால் ஓரளவு அடங்கும். 653இல் போனவர்களில் எத்தனை உடல்கள் குடும்பத்தார் கைக்கு வந்திருக்கும்? கடல் கொண்டுபோனது, மணல் மூடியது, அவ்வளவுதான். அதுவும் எங்கே? தர்ப்பணம் கொடுக்க நாடெங்கும் இருந்து ஜனங்கள் தேடி வரும் சேதுவின் கரையில். ராமேஸ்வரம் வருகிறவர்கள் தனுஷ்கோடியில் நீராடி முன்னோருக்குக் கடன் கழிப்பது காலங்காலமாக வரும் வழக்கம். முன்னோரைக் கரையேற்ற வந்த இடத்திலேயே, தனக்கு எள்ளும் தண்ணீரும் கிடைக்காமல் போனவர்கள் இவர்கள். இதைவிட ஆழமான பேய்க்கதைக்கரு கிடையாது. இதை விட்டுவிட்டு ஈரப்புடவையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அந்த ஈரப்புடவைக் கதை நெடுஞ்சாலை, மலைப்பாதை, பாலம் என எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி சொல்லப்படுவது. ரயிலுக்குப் பதில் லாரியை வைத்தாலும் நடக்கும்.

விசில் வேறு. ஸ்டேஷனை நெருங்கும்போது சிக்னல் அணைந்துவிட்டது, டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அப்புறம் நீண்ட விசில் கொடுத்துத் துணிந்து நகர்த்தினார் என்று அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். ரயிலில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கடைசி நிமிடத்தைப் பற்றி எல்லோருக்கும் கிடைத்த ஒரே ஒலி அந்த விசில்தான். பேய்க்கதையில் அதுவே திரும்பத் திரும்பக் கேட்பதில் வியப்பில்லை. விசில் கேட்கும் என்று சொல்கிற வடிவம்தான் மூத்தது என்று நினைக்கிறேன். விளக்கு தெரியும் வடிவம் பின்னால் வந்தது.

காவு விஷயம் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது இவ்வளவு மென்மையான கதை அல்ல.


மீட்டர்கேஜ் எழுதியது:

விளக்கு வடிவம் பின்னால் வந்தது என்பதை நானும் ஏற்கிறேன், எனக்கு வேறு காரணம். ரயில் பாலத்தை வெளியில் நின்று பார்க்க வசதி வந்ததே 1988இல் பக்கத்தில் சாலைப் பாலம் திறந்த பிறகுதான். அதற்கு முன்னால் இரவில் பாலத்தை முழு நீளத்துக்குப் பார்க்கக்கூடியவர்கள் படகில் இருந்த மீனவர்களும் கரையில் இருந்த கொஞ்சம் பேரும்தான். இப்போது காரில் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள். இருட்டில் பாலத்துக்கு அப்பால் மீன்பிடிப் படகுகளின் விளக்கு வரிசையாகத் தெரியும். கார் ஓட, அந்த விளக்குகள் கர்டர்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து வெளிப்படும். ஓடும் ரயில் ஜன்னல்கள் என்றே கண்ணுக்குப் படும்.

அப்புறம் சிக்னல். பழைய பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தி சிக்னலோடு இணைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விழும், ரயில் பாலத்தில் ஏறாது. உள்ளே இருக்கும் பயணிக்கு இது தெரியாது. நடு ராத்திரி, ஸ்டேஷனும் இல்லாத இடம், வண்டி நின்றுவிட்டது, வெளியே ஊ என்று காற்று, கீழே அலைச் சத்தம், காரணம் சொல்ல ஆளில்லை. எதிரே ஏதோ ரயில் வருகிறது, அதனால்தான் நிறுத்தினார்கள் என்று நினைப்பார். எந்த ரயிலும் வராது. கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகக் கிளம்பும். வராத அந்த ரயில் எது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறதே.


தங்கச்சிமடத்தாள் எழுதியது:

எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தீவில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்தப் புயலைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பேய் ரயிலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியதைச் சொல்வார்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் ஜனங்கள் ஓடி ஒண்டியதைச் சொல்வார்கள். யார் யாரைத் தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்பினார்கள் என்று சொல்வார்கள், அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். அந்தி சாய்ந்தால் கடற்கரைப் பக்கம் போகாதே என்று எங்களை மிரட்டியது உண்மை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பயந்து மிரட்டினார்கள்.

நீங்கள் ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். தனுஷ்கோடி ஒரு முழு ஊர். ஸ்டேஷன், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தேவாலயம், எல்லாம் இருந்தன. மொத்தப் புயலில் இறந்தவர்கள் 1800க்கு மேல் என்கிறார்கள். ரயிலில் போனவர்களுக்கு ஒரு எண்ணாவது இருக்கிறது. குடிசையோடு போன மீனவக் குடும்பங்களை யார் எண்ணினார்கள்? பேய்க்கதையில்கூட அவர்களுக்கு இடமில்லை.

அரசாங்கம் அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. அதை வைத்துக்கொண்டு "பேய் நகரம்" என்று தலைப்புப் போட்டு ராத்திரியில் வீடியோ எடுக்க வருகிறார்கள். இன்றும் அங்கே குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. 2017இல் தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு கூட்டம் அதிகம். இடிந்த தேவாலயத்துக்குள் நின்று "யாராவது இருக்கீங்களா" என்று கத்துகிறார்கள். இருக்கிறார்கள், நூறடி தள்ளி வலை பின்னிக்கொண்டு இருக்கிறார்கள்.


ராத்திரிசுற்றி எழுதியது:

அக்கா, கோபப்படாமல் ஒரு கேள்வி. டிசம்பர் 22 இரவில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் போக முடியுமா? வீடியோவுக்கு அல்ல, உண்மையாகவே பார்க்க ஆசை.


தங்கச்சிமடத்தாள் எழுதியது:

ஆசை புரிகிறது தம்பி, போகாதே. தண்டவாளத்தில் நடப்பது குற்றம். பழைய பாலம் துருப்பிடித்தது, பக்கச் சுவர் கிடையாது, டிசம்பரில் வாடைக் காற்று ஆளைத் தள்ளும். தனுஷ்கோடிப் பக்கமும் மாலைக்கு மேல் போலீஸ் அனுப்பிவிடுவார்கள். பகலில் வந்து பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து பார், பாம்பன் பக்கம் குந்துகால் கரையில் இறங்கி வயதான மீனவர் யாரிடமாவது உட்கார்ந்து கேள். நிறையச் சொல்வார்கள்.


நாட்டார்வழக்கு எழுதியது:

காவு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

பெரிய பாலம், அணை, மதகு எது கட்டினாலும் "தலை கேட்கிறது, பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான்" என்ற வதந்தி கிளம்புவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியா முழுக்க உண்டு, அதற்கு வெளியேயும் உண்டு. நீரின் வழியை மறித்தால் நீர்த்தெய்வம் விலை கேட்கும் என்ற பழைய பயம் அது. ஓடும் கடலில் தூண் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தோன்றாத காலத்தில் இதுவே விளக்கம். கட்டுமானத்தில் கூலியாட்கள் செத்தால் யாரும் கணக்குச் சொல்வதில்லை என்பதும் இந்த வதந்திக்குத் தீனி. என் கருத்தில் காவுக் கதை என்பது பெயர் பதியாத தொழிலாளிகளின் சாவை ஊர் நினைவில் வைத்துக்கொண்ட ஒரு வகை.

ஆனால் இது இன்றும் ஆளைக் கொல்கிற கதை. 2019 ஜூலையில் வங்கதேசத்தில் பத்மா பாலத்துக்கு மனிதத் தலை வேண்டும் என்ற வதந்தி சமூக ஊடகத்தில் பரவி, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சந்தேகித்து அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். தன் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் போன தாயும் அதில் ஒருவர். ஆகவே தென்கரையான், உங்கள் தொகுப்பில் காவுக் கதையைச் சேர்க்கும்போது, வெள்ளைக்காரன் காவு கொடுத்தான் என்பதை நடந்த செய்தி போல எழுதாதீர்கள். ஊர் சொல்கிறது என்று தெளிவாக எழுதுங்கள்.


வடகாற்று எழுதியது:

கொள்ளிவாய்ப் பிசாசையும் யாராவது இதோடு இணைத்துச் சொல்லியிருக்கிறார்களா? இருட்டில் தானாக எரிந்து நகரும் வெளிச்சம் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.


நாட்டார்வழக்கு எழுதியது:

சொல்கிறார்கள், ஆனால் பொருந்தாது. கொள்ளிவாய் சதுப்பிலும் சேற்று நிலத்திலும் உலவுவது, மட்கும் தாவரத்திலிருந்து வரும் வாயுவைக் காரணமாகச் சொல்வார்கள். பாம்பனில் பாறையும் மணலும் ஓடும் தண்ணீரும். கடலில் நுண்ணுயிர்கள் நீலமாக ஒளிர்வது உண்டு, அதுவும் அலை உடையும் இடத்தில் தெரியுமே தவிர கர்டர் உயரத்தில் தெரியாது. மீட்டர்கேஜ் சொன்ன படகு விளக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது.


மீட்டர்கேஜ் எழுதியது:

பாலத்தின் இன்றைய நிலையையும் பதிந்துவிடுகிறேன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும், மோட்டார் தூக்குகிறது, கையால் தள்ளும் வேலை முடிந்தது. பழையதை அகற்றும் முடிவை ரயில்வே எடுத்திருக்கிறது. 1964ஐத் தாங்கி நின்ற அந்த ஷெர்சர் பகுதியையாவது கரையில் கொண்டுவந்து நிறுத்தி வைக்கவேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிற பொருளா அது?


தென்கரையான் எழுதியது:

நானும் அதையே கேட்பேன்.

தொகுப்பில் இப்படி எழுதப் போகிறேன். பாம்பன் பாலம் என்ற தலைப்பின்கீழ் கர்டர்கள் விழுந்ததும் 46 நாள் சீரமைப்பும், அப்புறம் காவு வதந்தி, அது வதந்தி என்ற குறிப்போடு. பேய் ரயிலைத் தனுஷ்கோடி என்ற தலைப்புக்கு மாற்றி, 653 என்ற எண்ணோடு, விசில் வடிவத்தை முன்னால் வைக்கிறேன். தங்கச்சிமடத்தாள் அக்கா சொன்ன ஊரின் அழிவும் அங்கே முதலில் வரும். ஈரப்புடவையை விட்டுவிடுகிறேன். புயலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது உங்களிடம் இருந்தால், பேய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இங்கே எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம்.


மீட்டர்கேஜ் எழுதியது:

ஒரு வேண்டுகோள். 1964க்கு முந்தைய தென்னக ரயில்வே கால அட்டவணை யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பாம்பன் – தனுஷ்கோடி பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள். இடையில் எந்தெந்த இடத்தில் வண்டி நின்றது என்று பார்க்கவேண்டும்.